டிரோன் தடுமாறுவது ஏன்?

 

முன்பெல்லாம் மாலை நேரமானால் தோட்டத்துத் திடலில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். காற்றடிக்கும் காலத்தில் பட்டம் விடுவார்கள். இன்று அதே திடலில் தேனீயைப் போல ரீங்காரமிட்டுக்கொண்டு, நான்கு விசிறிகள் கொண்ட ஒரு சிறு பொறி மேலே எழும்புவதைப் பார்க்கிறோம். டிரோன் என்று எல்லாரும் சொல்லும் ஆளில்லாப் பறக்கும் பொறி அது. கல்யாண வீட்டில் படம் எடுக்கிறது. கோவில் திருவிழாவில் தேருக்கு மேலே வட்டமிடுகிறது. செம்பனைக் காட்டில் மரங்களை எண்ணவும் மருந்து தெளிக்கவும் அதன் பெரிய வகைகள் வந்துவிட்டன. இதை ஒழுங்காக இயக்கத் தெரிந்த இளைஞருக்கு வேலையும் உண்டு, வருமானமும் உண்டு.

ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. ஓவர்டைம் செய்து சேர்த்த பணத்தில் வாங்கிய பொறி, நேற்று வரை நன்றாகப் பறந்த பொறி, இன்று திடீரென்று தன் போக்கில் போகிறது. இடப்பக்கம் போ என்றால் வலப்பக்கம் போகிறது. நில் என்றால் வட்டமடிக்கிறது. சில வேளை எழும்பும்போதே குப்புற விழுகிறது. வீட்டில் என்ன நடக்கும்? “மலிவாய் வாங்கினால் இப்படித்தான்” என்று பாட்டி சொல்வார். “கடையில் கொடுத்துப் பார்ப்போம்” என்று அப்பா சொல்வார். “இன்னொரு தடவை விட்டுப் பார்க்கிறேன்” என்று பிள்ளை சொல்வான். இந்த மூன்றிலும் ஆபத்தானது பிள்ளை சொல்வதுதான். விசிறி விநாடிக்கு நூறு சுற்றுக்கும் மேல் சுழலும். அது விரலைக் கிழிக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே பறித்துவிடும். ஆகவே, பொறி ஏன் தடுமாறுகிறது என்று கண்டுபிடிக்காமல் அதை மறுபடியும் ஆகாயத்தில் விடக் கூடாது. எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் ஒரு பழைய கதை. 1907-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பிரெகே சகோதரர்கள், ரிஷே என்ற விஞ்ஞானியின் துணையோடு, நான்கு மூலையிலும் சுழலும் விசிறிகள் கொண்ட ஒரு பெரிய பறக்கும் பொறியைச் செய்தார்கள். அது ஓர் ஆளையும் ஏற்றிக்கொண்டு தரையிலிருந்து சுமார் இரண்டடி எழும்பியது. ஆனால் தானாக நிற்க அதற்குத் தெரியவில்லை. நான்கு மூலைக்கும் ஓர் ஆள் வீதம் நான்கு பேர் பிடித்துக்கொண்டு, சாயாமல் பார்த்துக்கொண்டார்கள். இன்றைய டிரோனும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். நான்கு விசிறிப் பொறி இயல்பாகவே நிலையில்லாதது; பிடித்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் கவிழ்ந்துவிடும். அப்படியானால் இன்று அதைப் பிடித்துக்கொள்பவர் யார்?

பொறிக்குள்ளேயே சில உணர்வுக் கருவிகள் இருக்கின்றன. சாய்வைச் சொல்ல ஒன்று, திசையைச் சொல்ல ஒன்று, இடத்தைச் சொல்ல ஒன்று, உயரத்தைச் சொல்ல ஒன்று, கீழே தரையைப் பார்த்துச் சொல்ல ஒன்று. இவை ஒவ்வொரு விநாடியும் பலமுறை தகவல் சொல்கின்றன. உள்ளே இருக்கும் சிறு கணினி அதைக் கேட்டு, எந்த விசிறியை வேகப்படுத்த வேண்டும், எதைத் தணிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. அன்று நான்கு பேர் செய்த வேலையை இன்று இவை செய்கின்றன. இவற்றில் ஒன்று தவறான தகவல் சொன்னால், கணினி அதை நம்பி, தவறான இடத்துக்குப் பொறியைத் தள்ளும். நமக்கு அது பேய் பிடித்தது போலத் தெரியும். உண்மையில் பொறி சொன்னதைச் செய்கிறது. சொன்ன தகவல்தான் பிசகு. எந்தக் கருவி பிசகாகச் சொன்னது என்பதைப் பொறி தடுமாறும் விதமே காட்டிக்கொடுத்துவிடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எழும்பும்போதே குப்புற விழுந்தால், விசிறியைப் பாருங்கள். நான்கு விசிறிகளும் ஒரே பக்கமாகச் சுற்றுவதில்லை. இரண்டு கடிகார முள் சுற்றும் பக்கமும், இரண்டு அதற்கு எதிர்ப்பக்கமும் சுற்றும். எல்லாம் ஒரே பக்கம் சுற்றினால், பொறியின் உடல் எதிர்ப்பக்கமாகத் தானும் சுற்ற ஆரம்பித்துவிடும். பால் மரம் வெட்டிய பெரியவர்களுக்கு இது எளிதில் புரியும். காண்டா வாளி சுமக்கும்போது இரண்டு பக்கமும் பால் சமமாக இருந்தால் நடை ஒழுங்காக இருக்கும். ஒரு பக்கம் குறைந்தால் தோள் சாயும். டிரோனிலும் அப்படிச் சமப்படுத்தத்தான் இரண்டு வகை விசிறிகள். குறுக்காக எதிரெதிர் மூலையில் இருப்பவை ஒரே வகை. பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை வேறு வகை. விசிறியின் மேல் ‘ஏ’, ‘பி’ என்ற எழுத்தோ, ஒரு கோடோ, ஒரு நிறமோ இருக்கும். பொறியின் கையிலும் அதே அடையாளம் இருக்கும். புது விசிறி மாற்றிய அன்றே பொறி கவிழ்ந்தால், பெரும்பாலும் வகை மாறிப் போட்டதுதான் காரணம்.

உடம்பு நடுங்கினால், சத்தம் மாறினால், படம் கூழ் போல ஆடினால், விசிறியின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். இதைச் செய்யும்போது பேட்டரியைக் கழற்றியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, ஓரத்தில் ஒரு சிறு கடி, லேசான வளைவு ஆகியவை போதும். ஒரு விசிறி எடை மாறினால் முழுப் பொறியும் அதிரும். அந்த அதிர்வில், சாய்வைச் சொல்லும் கருவி குழம்பிவிடும். கடித்த விசிறியை ஒட்டிப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். விசிறி நன்றாக இருந்தும் நடுக்கம் நிற்கவில்லையென்றால் மோட்டாரைப் பாருங்கள். நான்கையும் ஒவ்வொன்றாக விரலால் மெல்லச் சுற்றுங்கள். ஒன்று மட்டும் இறுக்கமாகவோ கரகரவென்றோ சுற்றினால், அதனடியில் தலைமுடியோ நூலோ சுற்றியிருக்கும், அல்லது மண் புகுந்திருக்கும். செம்மண் பாதையில் இருந்தும் லயத்து வாசல் மண்ணில் இருந்தும் பொறியைக் கிளப்பினால், விசிறி காற்றே மண்ணை அள்ளி மோட்டாரில் போடும். ஒரு பழைய பாயையோ தார்ப்பாயையோ விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, அதன் மேலிருந்து கிளப்புவது நல்லது.

விசிறியா மோட்டாரா என்று சந்தேகம் வந்தால் ஒரு சுலபமான சோதனை உண்டு. குறுக்கு மூலையில் இருக்கும் ஒரே வகை விசிறிகள் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறும் விசிறியோடு சேர்ந்து இடம் மாறினால், குற்றம் விசிறியில். கோளாறு அதே மூலையில் நின்றுவிட்டால், குற்றம் மோட்டாரிலோ அதைத் தாங்கும் கையிலோ. இதற்கு ஒரு காசும் செலவில்லை. கடைக்குப் போகுமுன் இதைச் செய்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்து, ரிமோட் குச்சியைத் தொடாதபோதும் பொறி ஒரே பக்கமாக நழுவிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இது காற்றா, பொறியின் கோளாறா? தாழ்வாகப் பறக்கவிட்டு, பொறியின் மூக்கைக் கால்வட்டம் திருப்புங்கள். முன்பு போன அதே திசைக்கே, உதாரணமாக ஆலைப் பக்கமே, மறுபடியும் நழுவினால் அது காற்று. மூக்கைத் திருப்பியதும் நழுவும் திசையும் கூடவே திரும்பினால், அதாவது எப்போதும் தன் வலப்பக்கமாகவே நழுவினால், அது பொறியின் கோளாறு. அப்போது சாய்வுக் கருவிக்கு எது சமதளம் என்பதை மறுபடியும் கற்பிக்க வேண்டும். சமமான சிமெண்டுத் தரையில் பொறியை வைத்து, கைப்பேசிச் செயலியில் இருக்கும் சமன்படுத்தும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். விளையாட்டு டிரோன்களில் இரண்டு குச்சிகளையும் ஒரு மூலைக்குத் தள்ளிப் பிடிப்பார்கள். எந்த மூலை என்பது கையேட்டில் இருக்கும். தரை சமமா என்று தெரிந்துகொள்ள ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சாய்ந்த தரையில் வைத்துச் சமன்படுத்தினால், பொறி அந்தச் சாய்வையே சமதளம் என்று நம்பிக்கொள்ளும். கோளாறு கூடுமே தவிரக் குறையாது. அதற்குப் பிறகும் கொஞ்சம் நழுவினால், ரிமோட்டில் இருக்கும் சிறு திருத்தப் பொத்தான்களால் சரிசெய்யலாம்.

மூன்றாவது, வட்டமடிப்பது. நில் என்று விட்டால் நிற்காமல், பம்பரம் தள்ளாடுவது போல முதலில் சிறிய வட்டம், பிறகு பெரிய வட்டம் என்று சுற்றுகிறது. ஜி.பி.எஸ். வசதி உள்ள டிரோனில் இப்படி நடந்தால், திசைகாட்டிதான் காரணமாக இருக்கும். ஏன் வட்டம் வருகிறது? “நீ கிழக்கே நகர்ந்துவிட்டாய்” என்று ஜி.பி.எஸ். சொல்கிறது. பொறி மேற்கே திரும்பப் பார்க்கிறது. ஆனால் திசைகாட்டி பிசகியிருப்பதால், மேற்கு என்று நினைத்து வடமேற்கே போகிறது. மறுபடியும் இடம் தவறு. மறுபடியும் தவறான திருத்தம். திருத்தத் திருத்த வட்டம் பெரிதாகிறது.

திசைகாட்டியைக் கெடுப்பது எது? இரும்பும் காந்தமும். பூமியின் காந்தச் சக்தி மிக மெல்லியது. பக்கத்தில் இருக்கும் ஓர் இரும்புத் துண்டு அதை எளிதில் மறைத்துவிடும். கார் மூடியின் மேல், லாரியின் மேல், தகரக் கூரையின் மேல், இரும்புப் பாலத்தின் மேல் டிரோனை வைத்துக் கிளப்பக் கூடாது. சிமெண்டுத் தரையிலும் உள்ளே இரும்புக் கம்பி இருக்கும். திருவிழாவில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து கிளப்புவதும் தவறு. ஒலிபெருக்கியின் உள்ளே பெரிய காந்தம் இருக்கிறது. கைப்பேசி உறையில் இருக்கும் காந்தமும் போதும். ஆகவே, திசைகாட்டியைச் சரிசெய்யும்போது திறந்த திடலின் நடுவில் நில்லுங்கள். சாவிக்கொத்தும் கைக்கடிகாரமும் கைப்பேசியும் பொறியை ஒட்டியிருக்க வேண்டாம். செயலி காட்டும்படி பொறியைக் கையில் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். வீட்டுக்குள்ளோ கார் பக்கத்திலோ இதைச் செய்தால், நல்ல திசைகாட்டிக்கும் நாமே தவறான பாடம் கற்பித்தவர்கள் ஆவோம்.

நான்காவது, நின்ற இடத்தில் இருந்து திடீரென்று சில அடி தாவுவது. இது பெரும்பாலும் ஜி.பி.எஸ். கோளாறு. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சமிக்ஞை மிகவும் பலவீனமானது. இடத்தைக் கணக்கிடக் குறைந்தது 4 செயற்கைக்கோள்களாவது வேண்டும். நம்பிப் பறக்க அதைவிட நிறைய வேண்டும். செம்பனை ஓலைக்கு அடியில் நின்றால் வானம் தெரியாது, சமிக்ஞையும் வராது. பெரிய தகரக் கூரைக்குப் பக்கத்தில் சமிக்ஞை கூரையில் பட்டுத் தெறித்து வரும். அப்போது பொறி தன் இடத்தைத் தவறாகக் கணிக்கும். நம் நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு. சூரியன் மறைந்த பிறகு, முன்னிரவு நேரத்தில், வளிமண்டலத்தின் மேலடுக்கில் உண்டாகும் கலக்கத்தால் இந்தச் சமிக்ஞை நடுங்கும். மார்ச் மாதத்தையும் செப்டம்பர் மாதத்தையும் ஒட்டிய காலத்தில், அதுவும் சூரியன் சீற்றமாக இருக்கும் ஆண்டுகளில், இது அதிகம். காலையில் நன்றாகப் பறந்த பொறி இரவுத் திருவிழாவில் தள்ளாடினால், இதையும் ஒரு காரணமாக நினைத்துப் பாருங்கள்.

ஐந்தாவது, கண். பல டிரோன்களின் அடிவயிற்றில் ஒரு சிறு கேமரா தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தரையில் உள்ள கல், புல், கோடு ஆகியவற்றை அடையாளம் வைத்துத்தான் அது அசையாமல் நிற்கிறது. ஈயக்குட்டைத் தண்ணீருக்கு மேல் என்ன அடையாளம் இருக்கும்? அலை நகர்ந்தால் தானே நகர்வதாக நினைத்துக்கொண்டு பொறியும் கூடவே நகரும். ஈரச் சிமெண்டு, பளபளப்பான ஓடு, இருட்டு ஆகியவையும் இப்படித்தான். தண்ணீருக்கு மேல் தாழப் பறப்பதைத் தவிருங்கள். புறப்படுமுன் அந்தச் சிறு கண்ணை மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள்.

ஆறாவது, உயரம் தானே ஏறி இறங்குவது. உயரத்தைப் பல டிரோன்கள் காற்றழுத்தத்தைக் கொண்டு அளக்கின்றன. தரைப் பக்கத்தில் சுமார் 8 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் 1 மில்லிபார் மட்டுமே குறையும். இவ்வளவு நுட்பமான அளவு என்பதால், பலமான காற்று ஒன்று வீசினாலே அளவு மாறிப்போகும். நம் நாட்டில் பிற்பகல் மழைக்குச் சற்று முன்னால் குளிர்ந்த காற்று ஒன்று குபீரென்று வரும். மரத்துக்குக் கீழே நிற்கும் நமக்கு அது தெரியாது; மரத்துக்கு மேலே பறக்கும் பொறிக்குத் தெரியும். சிறிய டிரோனை அது அடித்துக்கொண்டே போய்விடும். பறக்கவிட ஏற்ற நேரம் காலை. தூரத்தில் இடி கேட்டால் உடனே இறக்கிவிடுங்கள்.

ஏழாவது, பேட்டரி. வயிறு காய்ந்தவனுக்குக் கை நடுங்கும் அல்லவா? பொறிக்கும் அப்படித்தான். பெரும்பாலான டிரோன் பேட்டரிகளில் ஓர் அறை முழுதாக நிரம்பினால் 4.2 வோல்ட் இருக்கும். 3 வோல்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி கெட்டுப்போகும். பழைய பேட்டரி கீழே இருக்கும்போது நிரம்பியதாகக் காட்டும்; உயர ஏறச் சொல்லும்போது சட்டென்று இறங்கிவிடும்; பொறி தடுமாறும், அல்லது தானே தரைக்கு வரும். ஒரு பேட்டரி போட்டால் கோளாறு, இன்னொன்று போட்டால் கோளாறு இல்லை என்றால், விடை தெரிந்துவிட்டது. நூற்றுக்கு முப்பது மிச்சம் இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள்: உப்பிப்போன பேட்டரி வெடிமருந்துக்குச் சமம். அதைக் குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். நல்ல பேட்டரியையும் பறந்து வந்த சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது. மெத்தை மேலோ திரைச்சீலைப் பக்கத்திலோ வைக்காமல், சிமெண்டுத் தரையில், ஆள் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். புகை வந்தால் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய், 999-ஐ அழையுங்கள். பலகை வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் ஒரு வீட்டுத் தீ ஒரு வீட்டோடு நிற்காது.

எட்டாவது, சொன்னதைக் கேட்காமல் தாமதிப்பது. இது ரிமோட்டுக்கும் பொறிக்கும் உள்ள வானொலித் தொடர்பு. பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இது நடக்கிறது. வீட்டு வைஃபையும் அதே வரிசையில் இருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் ஆயிரம் கைப்பேசிகள் இருந்தால், சந்தை இரைச்சலில் கூப்பிடுவது போலத்தான். இலை, அதிலும் மழையில் நனைந்த இலை, இந்த அலையை விழுங்கிவிடும். ஆகவே மரத்துக்குப் பின்னால் பொறியை அனுப்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். ரிமோட்டின் ஆண்டெனா நுனியைப் பொறிக்கு நேரே நீட்டுவதும் தவறு. அதன் நுனியில் இருந்து அலை மிகக் குறைவாகவே போகும். பக்கவாட்டில்தான் நன்றாகப் போகும்.

தொடர்பு அறுந்தால், ஜி.பி.எஸ். உள்ள டிரோன் புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பும்படி அமைத்திருப்பார்கள். அது முதலில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு ஏறி, பிறகு நேர்கோட்டில் வரும். அந்த உயரத்தை நாம் குறித்துவைக்க வேண்டும். சுற்றியுள்ள மிக உயர்ந்த மரத்தைவிடக் கூடுதலாக வையுங்கள். மேலும், “புறப்பட்ட இடம் குறிக்கப்பட்டது” என்று செயலி சொல்லும் வரை கிளப்பாதீர்கள். அவசரப்பட்டுக் கிளப்பினால், பொறி எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

ஒன்பதாவது, பொறியில் எந்தக் கோளாறும் இல்லாத கோளாறு. இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் போகிறது என்கிறார்கள். பொறியின் மூக்கு நம்மைப் பார்த்து இருக்கும்போது, அதன் இடது நமக்கு வலது. எதிரில் நிற்பவரின் இடக்கை நம் வலப்பக்கம் தெரிவது போல. பழகும் வரை பொறியின் பின்பக்கம் நம்மை நோக்கி இருக்கும்படியே பறக்கவிடுங்கள். சில விளையாட்டு டிரோன்களில், மூக்கு எங்கே இருந்தாலும் ஆள் நிற்கும் திசையை வைத்து நகரும் ஒரு முறை உண்டு. புறப்பட்டபோது இருந்த திசையைத்தான் அது நினைவில் வைத்திருக்கும். நீங்கள் நடுவில் திரும்பி நின்றால், எல்லாமே தலைகீழாகத் தோன்றும். கோளாறு என்று முடிவு செய்யுமுன் அந்தப் பொத்தான் அழுத்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, ஆகாயத்தில் இருக்கும்போதே தடுமாறினால் என்ன செய்வது? பதறிப்போய் இரண்டு குச்சிகளையும் இப்படியும் அப்படியும் தள்ளாதீர்கள். குச்சிகளை விட்டுவிடுங்கள். பொறி நின்றுவிட்டால் மெல்ல இறக்குங்கள். வட்டமடித்தால், வீடு திரும்பும் பொத்தானை நம்பாதீர்கள். திசை தெரியாத பொறிக்கு வீட்டு வழி எப்படித் தெரியும்? ஆள் இல்லாத பக்கமாக உடனே இறக்கிவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் பக்கம் போனால் தயங்காதீர்கள். மோட்டாரை நிறுத்தும் வழியைக் கையேட்டில் முன்கூட்டியே படித்து வைத்திருங்கள். பொறி உடைந்தால் உடையட்டும். விசிறி வேறு வாங்கலாம், கண் வாங்க முடியாது. கீழே வரும் பொறியைக் கையால் எட்டிப் பிடிக்க ஒருநாளும் முயலக் கூடாது. இதனால்தான் தேரோட்டத்திலும் தீமிதியிலும் கூட்டத்தின் தலைக்கு மேலே டிரோனைக் கொண்டுபோகக் கூடாது. ஓரமாக நின்று எடுத்தாலும் படம் நன்றாகத்தான் வரும்.

பிறகு வீட்டில் உட்கார்ந்து காரணம் தேடும்போது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். விசிறி, பேட்டரி, திசைகாட்டி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், பொறி சரியாகலாம். ஆனால் எது குற்றம் என்று தெரியாது. அடுத்த முறை மறுபடியும் இருட்டில் தேட வேண்டும். ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை டிரோனின் செக்ரோலாக வைத்துக்கொள்ளுங்கள். தேதி, இடம், எந்தப் பேட்டரி, காற்று எப்படி, என்ன தடுமாற்றம் என்று எழுதுங்கள். பத்து நாள் எழுதினால் புத்தகமே விடை சொல்லும். கடையில் கொடுக்க நேர்ந்தாலும், “கெட்டுவிட்டது” என்று சொல்லாமல், “இந்த மூலையில் நடுங்குகிறது, விசிறியை மாற்றியும் அதே மூலைதான்” என்று சொல்லலாம். அப்படிச் சொல்பவரிடம் தேவையில்லாத பாகத்துக்குப் பணம் வாங்குவது கடினம்.

காலையில் பெரட்டில் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு, ஆள் இருக்கிறாரா என்று பார்த்த பிறகுதானே வேலைக்கு அனுப்புகிறார்கள்? பறக்கவிடுமுன் டிரோனுக்கும் அப்படி ஒரு பெரட்டு வைத்துவிடுங்கள். விசிறி, நலமா? மோட்டார், சுற்றுகிறதா? பேட்டரி, நிரம்பியதா, உப்பாமல் இருக்கிறதா? திசைகாட்டி, சரியா? செயற்கைக்கோள்கள், போதுமா? திரும்பும் உயரம், குறித்தாகிவிட்டதா? பக்கத்தில் ஆள் இல்லையா? இவ்வளவுக்கும் மூன்று நிமிடம் போதும். கிளப்பிய பின், தலை உயரத்தில் அரை நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அங்கே தடுமாறாத பொறியை மட்டுமே மேலே அனுப்புங்கள்.

கடைசியாகச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் வான்போக்குவரத்து விதிகளின்படி, அனுமதியில்லாமல் தரையில் இருந்து 400 அடிக்கு மேல் டிரோன் பறக்கக் கூடாது. விமான நிலையத்தைச் சேர்ந்த வான்பகுதியிலும் பறக்கக் கூடாது. வேறு பல இடங்களுக்கும் அனுமதி தேவை. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பறக்கவிடுமுன் மலேசிய வான்போக்குவரத்து ஆணையத்தின் அறிவிப்பைக் கேட்டறியுங்கள். தோட்ட நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மருந்து தெளிக்கும் பெரிய பொறி வேலை செய்யும் நாளில், அந்தப் பக்கம் சிறிய பொறி போகவே கூடாது.

நேயர்களே, ஒரு பொறி தடுமாறும்போது கோபப்படாமல், பயப்படாமல், “இது எந்த விதமாகத் தடுமாறுகிறது?” என்று கேட்கத் தெரிந்த பிள்ளை நாளை டிரோன் மட்டுமல்ல, ஆலையில் பெரிய இயந்திரத்தையும் நிர்வகிப்பான். கேட்டுக்கொண்டிருக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். திடலில் டிரோன் பறக்கும்போது தங்கையைத் தள்ளி நிற்கச் சொல்லாமல், செக்ரோல் எழுதும் வேலையையும் பெரட்டுக் கூப்பிடும் வேலையையும் அவளிடம் கொடுங்கள். அடுத்த முறை ரிமோட்டையும் கொடுங்கள்.